கட்டுமான நிலையா, சார்நிலையா?

எபிரேயச் சொல் தரவுகளைத் தமிழாக்குவோர் ‘சி.எஸ்.டி.ஆர்.’ என்ற சுருக்கத்தைக் ‘கட்டுமான நிலை’ என்று எழுதிவிடுகிறார்கள். முழுத் தவறு. ‘பாயித்’ என்றால் வீடு. அதன் பக்கத்தில் கட்டுமான நிலை என்று இருந்தால் படிப்பவர் கட்டி முடியாத வீடு என்றுதானே எடுத்துக்கொள்வார்?

சுருக்கத்தின் விரிவு ‘கன்ஸ்ட்ரக்ட்’. ‘ஸ்டேட்டஸ் கன்ஸ்ட்ரக்டஸ்’ என்ற லத்தீன் இலக்கணப் பெயரிலிருந்து வந்தது; சேர்த்து அடுக்கியது என்று பொருள். எபிரேயர் சொல்வது ‘ஸ்மிகூத்’. சாய்தல், தாங்குதல் குறித்த ‘ஸாமக்’ வேரில் பிறந்த சொல். ஒரு பெயர் அடுத்த பெயரைச் சார்ந்து நிற்பதால் ‘சார்நிலை’ என்பதே சரி. எதிர்நிலையான ‘ஏ.பி.எஸ்.’ (‘அப்சல்யூட்’) தனிநிலை. ‘முழுமையான நிலை’ என்பாரும் உண்டு. அங்கே முழுமைக்கு வேலையே இல்லை.

சிலர் தமிழ் இலக்கணத்தோடு ஒட்ட வேண்டும் என்று ‘ஆறாம் வேற்றுமை’ என்கிறார்கள். இது இன்னும் கெடுதல். தமிழில் உடையவன் பெயர்தான் மாறும்: அரசன், அரசனின் வீடு. எபிரேயத்தில் மாறுவது உடைமையின் பெயர். ‘பேத் ஹம்மெலெக்’ (அரசனின் வீடு) என்பதில் அரசனைக் குறிக்கும் ‘மெலெக்’ அப்படியே இருக்கிறது. ‘பாயித்’தான் ‘பேத்’ ஆகிறது. ‘பேத்’ என்பதற்கு ஆறாம் வேற்றுமை என்று குறித்தால் ‘வீட்டின்’ என்று பெயர்ப்பார்கள். அரசனின் வீடு, வீட்டின் அரசன் ஆகிவிடும். ‘தொகைநிலை’யும் உதவாது. தொகை என்பது தொடர் முழுவதற்கும் பெயர். இந்தச் சுருக்கம் குறிப்பதோ முதற்சொல்லின் வடிவத்தை மட்டும்.

வடிவத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பெண்பால் ‘ஆ’ ஈறு ‘அத்’ ஆகும்: மல்கா, மல்கத் (அரசி). ஆண்பால் பன்மை ‘ஈம்’ ஈறு ‘ஏ’ ஆகும்: பானீம், பெனே. இஸ்ரவேல் புத்திரர் என்பது ‘பெனே இஸ்ராயேல்’. பெத்லகேம், பெத்தேல் இரண்டிலும் முன்னே நிற்பது அதே ‘பேத்’. ஆங்கில ‘தி’ போன்ற ‘ஹ’ என்ற சுட்டு சார்நிலைச் சொல்லின் முன் வராது; ‘ஹம்மெலெக்’ போல இரண்டாம் சொல்லில்தான் வரும்.

1906-இல் நிறைவுற்ற பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் எபிரேய-ஆங்கில அகராதி முழுக்க இத்தகைய சுருக்கங்கள்தான். சுருக்கத்தை முதலில் விரித்து, இலக்கணப் பொருள் பார்த்து, பிறகே தமிழாக்க வேண்டும். இன்றோ எழுத்தைக் கண்டதும் பொது அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள். ‘பேத்’ போன்றவற்றில் வடிவமாவது காட்டிக்கொடுக்கும். ‘மெலெக்’ ஒருமையில் இரு நிலைக்கும் ஒரே வடிவம். அங்கே படிப்பவருக்கு இருக்கும் துணை அந்தக் குறிப்பு ஒன்றுதான்.