ஃப்ரீசரில் காய்ந்துபோன தோலை மீட்பது எப்படி?

பாடம் செய்வதற்காக, அதாவது உயிரோடு நிற்பதுபோல் பதப்படுத்தி வைப்பதற்காக, எடுத்துவைத்த மான் தோலோ நரித் தோலோ பல மாதம் ஃப்ரீசரில் கிடந்து வெளியே வந்தால், முதுகும் விலாவும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது காது நுனி, உதடு, இமை, மூக்கு, விரலிடுக்கு போன்ற இடங்கள்தான். அங்கெல்லாம் தோல் மஞ்சளித்து, ஒளி ஊடுருவும் தகடுபோல விறைத்து நிற்கும். பாடம் செய்த விலங்கைப் பார்ப்பவர்களின் கண் முதலில் போவதும் முகத்துக்குத்தான் என்பது இந்தத் தொழிலின் பெரிய எரிச்சல்.

இதை ஃப்ரீசர் பர்ன் என்கிறார்கள். ஆனால் இங்கே எதுவும் எரிவதில்லை, காய்கிறது. பனிக்கட்டி உருகாமலே நேராக ஆவியாகும். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலும் பனிக்கட்டிக்கு ஆவியழுத்தம் உண்டு. 20 டிகிரித் தண்ணீரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. குறைவுதான், ஆனால் மாதக்கணக்கில் நேரம் இருக்கிறதே! தோலைவிடக் குளிர்ந்த பரப்பு எங்கே கிடைத்தாலும் ஆவி அங்கே போய் உறையும். பையின் உட்புறம் ஒட்டியிருக்கும் வெண்பனியில் பெரும்பகுதி தோலிலிருந்து போன தண்ணீர்தான். பனி படியாத வகை ஃப்ரீசர்கள் இன்னும் மோசம். குளிர்க்குழாயில் சேரும் பனியை அவை அவ்வப்போது சூடாக்கி உருக்கி வெளியேற்றிவிடுவதால், காய்வது நிற்பதே இல்லை. மெல்லிய பாகங்களில் தண்ணீர் இருப்பு குறைவு, காற்று படும் பரப்போ அதிகம். அதனால் காதுதான் முதலில் போகும்.

பச்சைத் தோலின் எடையில் அறுபது, எழுபது சதவீதம் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு ஒரு இழை. அந்த இழைகள் சேர்ந்து நார்கள். நார்களுக்கு இடையில் இருக்கும் தண்ணீர்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர இடம் தருகிறது. அது போனதும் நார்கள் நெருங்கி, ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பில் ஒட்டிக்கொள்கின்றன. விறைப்பு இதனால்தான். இந்தப் பிணைப்புகள் பலவீனமானவை. தண்ணீர் திரும்பி வந்தால் விலகிவிடும். அதாவது, வெறுமனே காய்ந்த தோலை மீட்கலாம்.

ஆனால் ஃப்ரீசருக்குள் காய்வது மட்டும் நடப்பதில்லை. தோலோடு விட்டுவைத்த கொழுப்பு அந்தக் குளிரிலும் மெதுவாக ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. பனிக்கட்டி வெளியேறிய இடத்தில் நுண்துளைகள் உண்டாவதால் காற்று உள்ளே போக வழியும் கிடைக்கிறது. சிக்கடித்த அந்தக் கொழுப்பு தண்ணீரை விலக்கும். அதிலிருந்து பிறக்கும் சேர்மங்கள் கொலாஜனோடு நிரந்தரமாகவே பிணையும். மஞ்சள் நிறமும் காறல் வாடையும் சேர்ந்து வந்தால் பாதிதான் மீளும் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது ஆபத்து பாக்டீரியா. குளிர் அவற்றை முழுதாகக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. உருகியதும் எழுந்து மேல்தோலையும் மயிர்க்கால்களையும் அரிக்கும். மயிர் கொத்தாகக் கையோடு வரும். அதற்கு வைத்தியமே கிடையாது.

ஆக, மீட்பு வேலை ஒரு பந்தயம். காய்ந்த காதுக்குள் தண்ணீர் இறங்க நேரம் வேண்டும். அதே நேரத்தில் ஈரமாக இருக்கும் வயிற்றுப் பகுதி அழுகத் தயாராகிவிடும். அதனால் தோலைக் குளிர்சாதனப் பெட்டியில் சுமார் 4 டிகிரியில் உருகவிட்டு, காய்ந்த இடங்களில் மட்டும் ஈரத்துணி சுற்றி முன்கூட்டியே ஊறவைப்பது நல்லது. அப்புறம் முழுத் தோலும் குளிர்ந்த உப்புநீரில் இறங்கும். லிட்டருக்கு 60 கிராம் அளவில் உப்பு, கிருமிநாசினி, கொஞ்சம் ஈரமூட்டி (தண்ணீர் தோலுக்குள் இறங்க உதவும் பொருள்). உப்பைக் கூட்டினால் பாக்டீரியா அடங்கும், ஆனால் செறிவான உப்புநீர் தோலிலிருந்தே தண்ணீரை இழுக்கும். உள்பக்கத்தில் காய்ந்த சவ்வு தண்ணீரைத் தடுத்து நிற்கும். அதைக் கம்பித் தூரிகையால் லேசாகக் கீறிவிட்டால் வேகம் கூடும்.

சீக்கிரம் ஆகட்டும் என்று வெந்நீர் ஊற்றத் தோன்றும். கூடாது. ஈரமான பாலூட்டித் தோலின் கொலாஜன் 60 டிகிரியை ஒட்டி முறுக்கு அவிழ்ந்து சுருங்கிவிடும். பழுதான தோல் அதற்கும் முன்பே சுருங்கும். அந்த அளவு சூடு இல்லாவிட்டாலும், வெதுவெதுப்பு பாக்டீரியாவுக்குத்தான் கொண்டாட்டம். மடங்க மறுக்கும் காதை மடக்கிப் பார்ப்பதும் அப்படியே: நார்கள் ஒட்டியிருக்கும்போது வளைத்தால் விரிசல் விழும்.

தண்ணீரில் இளகாத இடம் சில நேரம் அமிலக் குளியலில் இளகும். பதனிடுவதற்கு முந்தைய இந்தக் கட்டத்தில் உப்பும் அமிலமும் சேர்ந்த கரைசலின் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும். அமிலம் நார்களைப் பிரித்து உப்பவைக்கிறது, பாக்டீரியாவையும் நிறுத்துகிறது. உப்பு அங்கே கட்டாயம். இல்லையென்றால் தோல் கூழ் மாதிரி வீங்கிவிடும். இதிலும் இளகாத இடத்தில் பதனிடும் மருந்து இறங்காது. அங்கே பிடிவாதம் பிடிப்பதைவிட, வெட்டியெடுத்து வேறு தோலால் ஒட்டுப் போடுவது, அல்லது இமை ஓரத்தை எபாக்சிப் பசையால் உருவாக்கி வண்ணம் தீட்டுவது புத்திசாலித்தனம் என்பேன்.

வேடிக்கை என்னவென்றால், இதே பதங்கமாதலை வெற்றிடத்தில் வேண்டுமென்றே நடத்தித்தான் சிறு விலங்குகளை உறையவைத்து உலர்த்திப் பாடம் செய்கிறார்கள். அங்கே விலங்கைத் தோற்றம் அமைத்துவிட்டு உலர்த்துகிறார்கள். இங்கே பைக்குள் சுருட்டிக் கிடந்த வடிவத்திலேயே காய்ந்து தொலைக்கிறது.

இனிமேல் வைக்கப்போகும் தோலுக்கு: கொழுப்பைச் சுரண்டியெடுங்கள், காதிலும் மூக்கிலும் ஈரக் காகிதம் சுற்றுங்கள், பையிலிருந்து காற்றைப் பிழிந்து வெளியேற்றுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து உப்புத் தடவி ஃப்ரீசரில் போடாதீர்கள். செறிவான உப்புநீர் முழுதாக உறைய மைனஸ் 21 டிகிரி வேண்டும். வீட்டு ஃப்ரீசர் வழக்கமாக மைனஸ் 18-ல் நிற்பதால், அந்தத் தோல் சரியாக உறையவே உறையாது.