ரீமேப்: வரைபடமா, வாய்ப்பாடா?

புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் கடை. ராயல் என்ஃபீல்டு 650 இன்டர்செப்டர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்த பையன், "சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாத்திட்டேன்ணே. ஆக்சிலேட்டரை விட்டா பட்பட்னு வெடிக்குது" என்றான். சைலன்சர் இணைப்பில் காற்று கசிந்தாலும் இதே சத்தம் வரும். மெக்கானிக் முதலில் அதைத் தடவிப் பார்த்தார், கசிவில்லை. பிளக்கைக் கழற்றினார். காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டிய முனை, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது.

"பெட்ரோல் பத்தலப்பா, லீனா ஓடுது. ரீமேப் பண்ணணும்."

ரீமேப் என்றால், இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் ‘மேப்’பைத் திருத்துவது. இதை அகராதிப்படி தமிழாக்கினால் ‘மறுவரைபடம்’ என்று வரும். எனக்கு நில அளவைக்காரரின் சங்கிலிதான் ஞாபகம் வருகிறது.

மேப் என்பதன் மூலம் லத்தீன் ‘மாப்பா’. துணி, கைக்குட்டை என்று பொருள். உலகப்படத்தைத் துணியில் தீட்டியதால் அதை ‘மாப்பா முண்டி’, அதாவது உலகத் துணி, என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் ‘படம்’ என்ற சொல்லுக்கும் துணி என்ற பழைய பொருள் உண்டு. பேகன் மயிலுக்குக் கொடுத்த போர்வையைப் புறநானூறு ‘படாஅம்’ என்கிறது. ஆக, நிலத்துக்கு வரைபடம் என்பது அருமையான சொல்தான்.

ஆனால் பைக்கின் இசியுவுக்குள் (இன்ஜினை இயக்கும் சின்னக் கணினி) படம் எதுவும் இல்லை, கட்டம் போட்ட எண்கள்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் இன்ஜின் சுற்று, இன்னொரு பக்கம் த்ராட்டில், அதாவது காற்றை உள்ளே விடும் வால்வின் திறப்பு. 4,000 சுற்று, 30 சதவீதத் திறப்பு என்றால் இரண்டும் சந்திக்கும் கட்டத்தைப் பார்த்து, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எத்தனை மில்லி வினாடி திறப்பது என்று இசியு முடிவு செய்கிறது. அது முதலிலிருந்து கணக்குப் போடுவதில்லை, சின்னச் சின்னத் திருத்தம் தவிர மனப்பாடம் செய்ததைத்தான் ஒப்பிக்கிறது. நாம் பள்ளியில் உருப்போட்ட வாய்ப்பாடேதான்! அதனால் என் பரிந்துரை: ஃப்யூயல் மேப் ‘எரிபொருள் வாய்ப்பாடு’, ரீமேப் ‘வாய்ப்பாடு திருத்தல்’.

ஏன் திருத்த வேண்டும்? ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனால் கலந்திருந்தால் இன்னும் குறைவு. தாராள ஃபில்டரும் அடைப்பில்லாத சைலன்சரும் போட்டால் அதே திறப்பில் காற்று கூடுதலாக நுழையும், பெட்ரோலோ பழைய வாய்ப்பாட்டின்படியே வரும். சீரான ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதை ஓரளவு சரிக்கட்டும். முழுதாக முறுக்கும்போது அதன் பேச்சை இசியு கேட்பதில்லை. அப்போது ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 13 பங்கை ஒட்டி இருந்தால்தான் இன்ஜினுக்குச் சுகம். கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோல் பாயும் துளை பெரிதான மெயின் ஜெட் ஒன்றை மாட்டினால் கதை முடிந்தது. இப்போது இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவின் உருளைமேல் ஓடவிட்டு, கட்டம் கட்டமாக எண்ணை மாற்ற வேண்டியிருக்கிறது. (புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியைக் கழற்றுவது வேறு விவகாரம். வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அங்கே காத்திருக்கிறது.)

லீன், ரிச் இரண்டுக்கும் மென்கலவை, செறிகலவை என்று எழுதலாம். கடையில் "பெட்ரோல் கம்மி, ஜாஸ்தி" போதும்.

என் சொல்லை அந்த மெக்கானிக்கிடமே சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சிரித்தார்: "அப்போ இந்த வண்டி பதினாறாம் வாய்ப்பாட்டுல தப்பு விடுதுன்னு சொல்லுங்க சார்."