தண்ணீர் குடிக்காத துவாய்

சென்ற மாதம் ஒரு அக்கா புதுத் துவாயைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். "பருத்தி என்று சொல்லித்தான் தந்தார்கள் தம்பி. துடைத்தால் ஈரம் முகத்திலேயே நிற்கிறது." ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினேன். கடதாசி எரிந்த மணம், விரலில் பொடியாகும் சாம்பல். நுணுக்குக்காட்டியில் முறுக்கிய நாடா போன்ற இழை. பருத்தியேதான்.

பருத்தி என்றால் ஈரம் உறிஞ்சும் என்று நம்புகிறோம். செடியிலிருந்து பறித்த பஞ்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். இழையின் உடலாக உள்ளே இருக்கும் செல்லுலோசு தண்ணீரை இழுக்கும். ஆனால் இழையின் வெளித்தோலில் மெழுகும் பெக்டின் என்ற பசைப்பொருளும் காவல் நிற்கின்றன. அந்த மெழுகு எடையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது. அதைக் கரைக்கத்தான் சாயசாலையில் எரிசோடா என்ற கடுங்காரத்தின் கரைசலில் துணியை அவிக்கிறோம். மருந்துக்கடைப் பஞ்சு போட்டவுடன் மூழ்குவதும் மெழுகு போனதால்தான்.

சோடாவை இன்னும் செறிவாக்கிக் குளிர்ந்த நிலையில் தோய்த்தால் இழையே உருமாறுகிறது. முறுக்கு அவிழ்ந்து, வீங்கி, உருளை வடிவாகிறது; ஈரமும் சாயமும் கூடுதலாக ஏறும். 1844இல் இங்கிலாந்துச் சாய இரசாயனவியலாளர் ஜோன் மேர்சர் கண்ட வித்தை இது.

அப்படியானால் அக்காவின் துவாய்க்கு என்ன கேடு? மெழுகைக் கழுவிய ஆலையே கடைசியில் மென்மையூட்டியைப் பூசி அனுப்பியிருக்கிறது. கடையில் தடவிப் பார்க்கும் கைக்கு மெத்தென்று இருக்க வேண்டுமே! வீட்டில் அலசும்போது ஊற்றும் வாசனை மென்மையூட்டியும் இழைமேல் கொழுப்புப் படலத்தையே விடுகிறது. குழந்தைத் துணிக்கு அதை ஊற்றுவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

எங்கள் கிணறுகளும் சேர்ந்துகொள்கின்றன. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் ஊறிய நீர், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகித் துணியில் ஒட்டும். மாரி மழைநீரில் துவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சந்தேகம் என்றால் துணியில் ஒரு துளி நீர் விடுங்கள். முத்தாக நின்றால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது. மென்மையூட்டி இல்லாமல் சுடுநீரில் இரண்டு மூன்று முறை துவைத்து, கடைசி அலசலில் சிறிது வினாகிரி சேர்க்கலாம். குளோரின் வெளுப்பானோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். தனியாகப் பாவித்தாலும் அந்த வெளுப்பான் அளவு மீறினால் செல்லுலோசையே அறுத்துவிடும்.

அக்கா திரும்பவும் வந்தார். துவாய் சொரசொரத்துவிட்டதாம். ஒரு துளி விட்டேன். ஒன்று எண்ணுமுன் காணவில்லை.