அடைப்பிதழ் எதை அடைக்கும்?

“பழுது பார்க்குமுன் அடைப்பிதழை மூடவும்.” கடலூர் சிப்காட் பக்கம் ஒரு ஆலையில் இந்தப் பலகையைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. அடைப்பிதழ் என்பது வால்வுக்கு வைத்த தமிழ்ச் சொல். எந்த அடைப்பிதழை ஐயா? அந்த இடத்தில் நாலு நிற்கின்றன: நடுவில் கண்ட்ரோல் வால்வு, அதற்கு முன்னும் பின்னும் ஓட்டத்தை முழுக்க நிறுத்தும் பிளாக் வால்வு ஒவ்வொன்று, சுற்றிப் போகும் பைபாஸில் இன்னொன்று.

வால்வு என்பது லத்தீன் ‘வால்வா’, மடிப்புக் கதவின் ஒரு பலகை. இதழ் என்றவர் அதை நினைத்திருக்கலாம். இதயத்துக்குள் இருப்பதற்கு அது பொருத்தம்தான், கண்ட்ரோல் வால்வாக அதிகம் வரும் குளோப் வால்வுக்குள் இதழ் ஏது? துளையை மூடும் பிளக்தான் ஏறி இறங்குகிறது. ‘ஓரதர்’ என்றும் ஒன்று உண்டு, ஒருவழிப் பாதை என்று பொருள். அது நான்-ரிட்டர்ன் வால்வோடு நிற்கட்டும்.

சரி, இதழைக்கூட விட்டுவிடுகிறேன். ‘அடைப்பு’தான் வில்லங்கம். கண்ட்ரோல் வால்வு இருப்பது பாய்வைக் கூட்டவும் குறைக்கவும். முழுக்க மூடினாலும் ஒழுகும் என்று கணக்கிலேயே இடம் விட்டிருக்கிறார்கள்: கசிவு வகுப்பு 4 என்றால் முழுத் திறப்பில் போவதில் 0.01 சதவீதம் வரை, வகுப்பு 2 என்றால் 0.5 சதவீதம் வரை. நீராவியோ அமிலமோ ஓடும் குழாயில் அந்தக் கொஞ்சமே போதும். “அண்ணே, பேனல்லயே மூடிட்டாங்க, பானெட் போல்ட்டைக் கழட்டட்டுமா?” என்று, வால்வின் மேல்மூடியான பானெட்டைக் காட்டிப் புதுப் பையன் கேட்பான்; பேனல் என்பது கண்ட்ரோல் ரூமில் இருப்பது. அடைப்பிதழ் என்று சொல்லிக்கொடுத்தால் கேட்கத்தானே செய்வான்? இரண்டு பிளாக் வால்வையும் மூடிப் பூட்டி, எச்சரிக்கை அட்டை கட்டி, நடுவில் சிக்கிய அழுத்தத்தை டிரெயினில் இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். அப்புறம் காற்று, கண்ட்ரோல் வால்வின் தண்டை நகர்த்துவது அதுதான். காற்று நின்றால் மூடிக்கொள்ளும் ரகமும் உண்டு, திறந்துகொள்ளும் ரகமும் உண்டு. எது என்று தெரியாமல் காற்றுக் குழாயைப் பிடுங்கினால் ஸ்பிரிங் தண்டைத் தள்ளும், இடையில் விரல் இருந்தால் போச்சு.

என் ஓட்டு மதகுக்கு. வீராணத்துப் பாசனக்காரருக்கு மதகு என்றால் ஒரு சாண் தூக்குவது, அரைச் சாண் இறக்குவது. அளவு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கண்ட்ரோல் வால்வை அளவு மதகு என்போம், பிளாக் வால்வை அடைப்பு மதகு என்போம். அடைப்பு அதற்கு உரிய இடத்துக்கே போய்விடும். ஏரிச் சொல்லை ஆவிக்கு வைப்பதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: லத்தீன்காரன் வீட்டுக் கதவு குழாய்க்குள் வந்தபோது யாரும் சுளிக்கவில்லையே.

இதெல்லாம் ஆலைக்குள் கால் வைக்காமல் மொழிபெயர்ப்பவர்களால் வருவது. ஒரு கையேட்டில், பிளக் வந்து உட்காரும் ‘சீட்’ என்ற வளையத்தை ‘இருக்கை’ ஆக்கி, “இருக்கையில் கீறல் உள்ளதா எனப் பார்க்கவும்” என்று போட்டிருந்தார்கள். நாற்காலியைப் பார்ப்பதா?

அந்தப் பலகைக்குக் கீழே யாரோ சாக்பீஸில் எழுதியிருந்தார்கள்: “பிளாக் வால்வு ரெண்டும்.”