எட்டு பெட்டுக்கும் 120/80

நர்சிங் கல்லூரியில் டியூட்டராக, அதாவது ஆசிரியையாக, நான் சேர்ந்த இரண்டாவது வருடம் நடந்தது இது. ஆண்கள் சர்ஜிக்கல் வார்டு, காலை பத்தரை மணி இருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் எட்டு பெட் கொடுத்து பி.பி., நாடி, மூச்சு என்று வைட்டல்ஸ் பார்க்கச் சொல்லியிருந்தேன் (எட்டு கொடுத்ததே தப்பு, அதற்கு அப்புறம் வருகிறேன்). சார்ட்டை வாங்கிப் பார்த்தால் எட்டு பேருக்கும் பி.பி. 120/80. மூச்சு எண்ணிக்கை எட்டு பேருக்கும் 20. வார்டில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்களுக்குக்கூட எட்டு பேருக்கும் அச்சடித்த மாதிரி புத்தகத்து நார்மல் வந்தால் அதன் அர்த்தம் தெரியும், அந்தப் பெண் கையில் சுற்றிக் காற்றடைக்கும் கஃப்பைத் தொட்டே பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆறாவது பெட்டில் முந்தின நாள் ஆபரேஷன் முடிந்து வந்தவர் படுத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. நான் கஃப் கட்டிப் பார்த்தபோது 90/60, நாடித் துடிப்பு 118. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, டிரிப்பை வேகமாக ஓடவிட்டு, கடைசியில் அவரைத் திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்கே கொண்டுபோனார்கள். உள்ளே ரத்தக் கசிவு. பிழைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்தப் பெண்ணை டிரஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிக்கொண்டுபோய் நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவள் அழுதுகொண்டே சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. "எனக்கு அந்த சத்தமே கேக்கல மேம். போன வாரம் வந்து கேட்டேன். செகண்ட் இயர் வந்தும் பி.பி. பாக்கத் தெரியலயான்னு பேஷண்ட் முன்னாடியே கேட்டீங்க."

கேட்டேன்தான். எனக்கு மறந்தே போயிருந்தது, அவளுக்கு மறக்கவில்லை.

அவள் ஸ்டெத்தை (ஸ்டெதாஸ்கோப்) வாங்கிப் பார்த்தேன். காதில் மாட்டும் இரண்டு முனையும் மூக்கு பக்கமாக, முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் காதுத் துளையின் போக்கோடு ஒத்துப்போய் சத்தம் உள்ளே வரும். அவள் ஒரு வருடமாகத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்! ஒரு வருடம், எத்தனை போஸ்டிங் (வார்டுப் பயிற்சி), எத்தனை டியூட்டர், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்.

அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். முதலில் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு காற்றை ஏற்று, எந்த எண்ணில் நாடி மறைகிறதோ அதற்கு மேலே ஒரு முப்பது வரை கொண்டுபோ, அப்புறம் ஸ்டெத்தை முழங்கை மடிப்பில் வைத்து விநாடிக்கு இரண்டு மூன்று புள்ளிதான் இறங்கும்படி மெதுவாக விடு, முதல் தட்டல் எங்கே கேட்கிறதோ அது மேல் எண், சத்தம் மறையும் இடம் கீழ் எண். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சையிலும் எழுதியிருக்கிறாள், பத்துக்கு எட்டு மார்க் வாங்கியிருக்கிறாள். காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் கண். மாணவி "தெரியாது மேம்" என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா, இல்லையா. லேப், புத்தகம், ஸ்மார்ட் போர்டு எல்லாம் அதற்கப்புறம். சொல்ல முடியாத இடத்தில் படித்த பெண் 120/80 எழுதுவாள்.

சென்னைக்குச் செவிலியர் பயிற்சி புதிதல்ல. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இலேயே தொடங்கிவிட்டது. அன்றைக்கும் இன்றைக்கும் நர்ஸ் உருவாவது கட்டிலுக்குப் பக்கத்தில்தான். இந்திய நர்சிங் கவுன்சில் விதியில் பத்து மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர், வார்டில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்று இருக்கிறது. நல்ல விதி. நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது எட்டு. எதற்குக் கொடுத்தேன் என்றால் அன்றைக்கு ஸ்டாஃப் இரண்டு பேர் லீவு, இன்சார்ஜ் சிஸ்டர் "உங்க ஸ்டூடண்ட்ஸை வச்சு வைட்டல்ஸ் முடிச்சுக் கொடுங்க" என்றார், நானும் சரி என்றேன். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு ராத்திரிக்கு வார்டு முழுக்க இருக்கும் நோயாளிகளை ஒற்றை ஆளாகப் பார்க்கிற சிஸ்டருக்கு, காலையில் வெள்ளைக் கோட்டோடு இருபது பெண்கள் வரிசையாக வந்து நின்றால் வேறென்ன தோன்றும்? ஆனால் சாம்பிள் கொண்டுபோய் லேபில் கொடுப்பதும் டிராலி தள்ளுவதும் மட்டுமே போஸ்டிங் என்று ஆனால், நாலு வருடம் முடிந்து அந்தப் பெண் ஆஸ்பத்திரியின் எல்லா லிஃப்ட்டையும் மனப்பாடமாகத் தெரிந்தவளாக வெளியே வருவாள்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. புறநகரில் இருக்கும் கல்லூரிகளிலிருந்து விடியற்காலையில் கிளம்பி பஸ் பஸ்ஸாக மாணவிகள் நகருக்குள் வருகிறார்கள், ஒரே வார்டுக்கு மூன்று கல்லூரி யூனிஃபார்ம். ஒரு பெரியவரிடம் என் மாணவி போய் "ஐயா, உங்க ஹிஸ்டரி எடுக்கணும்" என்று நின்றபோது அவர், "காலைலேர்ந்து ஏழு பேருக்குச் சொல்லிட்டேன் பாப்பா, நீ எட்டாவது, அந்தப் பச்சைக் கலர் பொண்ணு நோட்டைப் பாத்து எழுதிக்கோ" என்றார். அவளும் பார்த்து எழுதிக்கொண்டாள். கேர் பிளான் (நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற திட்டம்) இருபது பக்கம், கையெழுத்து முத்து முத்தாக, நான் டிக் போட்டேன். செய்த வேலைகளைக் கணக்கெழுதும் லாக் புக்கில் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டது 5, என்.ஜி. டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) போட்டது 5 என்று இருக்கும். அதில் எத்தனை கையால் செய்தது, எத்தனை எட்டிப் பார்த்தது, எத்தனை பக்கத்துப் பெண்ணின் நோட்டிலிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் பேச மாட்டோம். இப்போது என் குரூப்பில் லாக் புக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட் வைத்திருக்கிறேன், 'பார்த்தேன்', 'கூட நின்றேன்', 'நானே செய்தேன்' என்று மூன்று கட்டம். அந்த நோட்டுக்கு மார்க் கிடையாது. மார்க் இல்லை என்பதால்தான் உண்மையை எழுதுகிறார்கள்.

மொழி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண்கள். பிளஸ் டூவில் உயிரியலில் தொண்ணூறு எடுத்தவள் முதல் செமஸ்டரில் அனாட்டமியில் ஃபெயில் ஆகிறாள், ஊருக்குப் போன் போட்டு "எனக்குப் படிப்பு வரல, நான் வந்துடறேன்ப்பா" என்கிறாள். அவளுக்குப் பித்தப்பை தெரியும், கணையம் தெரியும், சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று படம் போட்டுச் சொல்வாள். கால் பிளாடர், பேன்கிரியாஸ் என்று கேட்டால் முழிக்கிறாள். முதல் ஆறு மாதம் இரண்டு பத்தி நோட்டு, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை, இது போதும். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) தமிழில் பதில் சொல்லவிட்டு, அப்புறம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கூடவே சொல்லித்தரலாம். குடி முழுகிப்போகாது.

இந்தப் பெண்கள் வார்டுக்குள் வந்தால் கதையே வேறு. பொன்னேரியிலிருந்து வந்த அம்மா "வயிறு பொருமுது, நெஞ்சைக் கரிக்குது, தலை கிர்ருன்னு வருது" என்று சொன்னால், சிட்டியில் கான்வென்ட்டில் படித்த பெண் 'ஜெனரல் டிஸ்கம்ஃபர்ட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். தமிழ் மீடியத்துப் பெண் மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, "கரிக்கிறது சாப்பிட்ட உடனேயா, வெறும் வயித்துலயா, பெரியம்மா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு மாத்திரை எப்படிப் போடணும் என்று அவள் சொல்வதை ஒரு நாள் ஓரமாக நின்று கேளுங்கள்.

கணக்கு இன்னொரு பயம். மருந்துக் கணக்கு என்றாலே முகம் வெளிறும். ஜென்டாமைசின் 2 மில்லியில் 80 மில்லிகிராம், டாக்டர் எழுதியிருப்பது 60, எத்தனை மில்லி? ஒன்றரை. இது ஐந்தாவது வகுப்புக் கணக்கு, ஆனால் பக்கத்தில் சிஸ்டர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று நிற்கும்போது வராது. அதிலும் இன்சுலின் எனக்கு வயிற்றைக் கலக்கும். நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா மாதிரி இருக்கும் பென்னில் வருவது மில்லிக்கு 100. சிரிஞ்சும் இரண்டு வகை, சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தை எடுத்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே இருப்பது அரை மில்லி, அதாவது 50 யூனிட். இருபது போட வேண்டிய இடத்தில் ஐம்பது. சர்க்கரை சடாரென்று இறங்கி நோயாளி மயங்கிவிடுவார், சமயத்தில் எழுந்திருக்கவே மாட்டார். இதை நான் போர்டில் எழுதிப் பார்த்தேன், யாருக்கும் நிற்கவில்லை. இப்போது காலி சிரிஞ்சு இரண்டையும் கையில் கொடுத்து, கலர் தண்ணீரை இழுக்கச் சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வைக்கிறேன். கண்ணால் பார்த்ததும் "ஐயோ" என்று ஒரு சத்தம் வரும். அந்த "ஐயோ" வந்துவிட்டால் எனக்கு நிம்மதி.

ஊசி குத்திக்கொண்டதை மறைப்பதும் வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிற இதே வியாதிதான். நானே மாணவியாக இருந்தபோது நோயாளிக்குப் போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போய் விரலில் குத்திக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, டெட்டாலில் கழுவிவிட்டு மூன்று மாதம் ராத்திரியில் தூங்காமல் கிடந்தேன். அதனால் முதல் நாள் போஸ்டிங்கிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே, பஞ்ச்சர் ஆகாத வெள்ளை டப்பாவில் நேராகப் போடு. குத்திவிட்டால் பிழியாதே, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவு, உடனே வந்து சொல். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டிவிட்டால் பலனில்லை, தொடங்கினால் 28 நாள் விடாமல் போட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ், முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். கல்லூரியில் சேர்ந்த வாரமே முதல் டோஸ் போட்டுவிட வேண்டும். வார்டுக்குப் போய் ஒரு வருடம் கழித்து நினைவு வந்து கேம்ப் போடுகிற கல்லூரிகளும் இருக்கின்றன.

பெற்றோர்களுக்கு ஒன்றிரண்டு. சேர்ப்பதற்கு முன் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், "கிளினிக்கலுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறீங்க, அங்கே எத்தனை பெட், கூட எந்த டியூட்டர் வருவாங்க" என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். படிப்புக்கு நர்சிங் கவுன்சில் அனுமதியும், பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். படித்து முடித்து தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யாமல் ஒரு நாள்கூட நர்ஸாக வேலை பார்க்க முடியாது. ஏஜெண்ட் சொன்னார் என்று ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நடுவில் வாங்க முடியாமல் தவிக்கிற குடும்பங்களை வருடா வருடம் பார்க்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு, 2022-இலிருந்து கொடுக்கிறார்கள், மறக்காமல் விண்ணப்பியுங்கள். ஹாஸ்டல் பெண்ணுக்கு அது ஷூவும் ஸ்டெத்தும் நோட்டும்.

சாவைப் பற்றி நாங்கள் யாரும் சொல்லித்தருவதில்லை. மூக்கில் பஞ்சு வைப்பது, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது, துணி சுற்றுவது, இதெல்லாம் புரொசீஜர், சொல்லித்தருகிறோம். காலையில் "நல்லா இருப்பே தாயி" என்று சொன்ன பாட்டியை மத்தியானம் சுற்றிக்கட்டிவிட்டு, கை கழுவிவிட்டு, அடுத்த பெட்டுக்கு டெம்பரேச்சர் பார்க்கப் போகிற பதினெட்டு வயதுப் பெண்ணை அன்றைக்குச் சாயங்காலம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நான் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, என் முதல் சாவைச் சொல்வேன். அப்புறம் அவளாகவே பேசுவாள், சில பேர் பேச மாட்டார்கள், டீயை மட்டும் குடிப்பார்கள், அதுவும் சரிதான். பையன்களை இன்னும் கவனிக்க வேண்டும், வகுப்பில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அழவும் மாட்டார்கள், ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள்.

120/80 எழுதிய பெண் இப்போது ஒரு ஐசியூவில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், சாயங்காலம் பாரிமுனைப் பக்கம் நயினியப்ப நாயக்கன் தெருவுக்குப் போய் சர்ஜிக்கல் கடையில் ஒரு டீச்சிங் ஸ்டெத் வாங்கியது. ஒரு தலை, இரண்டு ஜோடி காது. ஒன்றை மாணவி மாட்டிக்கொள்வாள், இன்னொன்றை நான், ஒரே நேரத்தில் ஒரே சத்தம். "இப்ப கேக்குதா?" "இல்ல மேம்." "இப்ப?" "இல்ல." "இப்ப?" "ம்ம்... ம்ம், கேக்குது மேம்!" அதன் டியூப் இரண்டு தடவை கிழிந்து மாற்றியாகிவிட்டது. அடுத்த வாரம் முதலாம் ஆண்டு வருகிறார்கள், அறுபது பேர். இந்த ஸ்டெத்தில் குறைந்தது இன்னும் இரண்டு வாங்க வேண்டும், ஆபீஸில் பில் கொடுத்தால் பணம் தருவார்களா என்று கேட்டிருக்கிறேன்.