மின்சாரத்தை நிறுத்தாமல் அழுத்தத்தை மாற்றுவது எப்படி?

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் தலைக்கு மேலே ஒரு ஸ்டெபிலைசர் இருக்கிறது. கோடைக்காலத்தில் மாலை ஏழு மணி ஆகிவிட்டால் போதும், அதற்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். சற்று நேரம் கழித்து மறுபடியும் ‘டக்’. ஒருநாள் இணைப்பைத் துண்டித்துவிட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். சிறிய மின்மாற்றி ஒன்று, அதன் சுருளிலிருந்து வெவ்வேறு இடங்களில் வெளியே இழுத்த சில கம்பிகள், சில ரிலேக்கள். மின்னழுத்தம் (வோல்டேஜ்) குறைந்தால் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் ஒரு கம்பியை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறது. விட்டதற்கும் பிடித்ததற்கும் இடையே சில மில்லிநொடிகள் மின்சாரம் கிடையாது. குளிர்பதனப் பெட்டிக்கு அது தெரிவதே இல்லை.

இதே வேலை ஊருக்கு வெளியே, 110 கிலோவோல்ட் துணை மின்நிலையத்திலும் நடக்கிறது. ஆனால் அங்கே விட்டுப் பிடிக்க முடியாது. ஏன் முடியாது, பிறகு எப்படித்தான் செய்கிறார்கள் என்பது மின்பொறியியலில் என்னை மிகவும் வியக்க வைத்த விஷயங்களில் ஒன்று.

“நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது, நமக்கு எதற்கு லோ வோல்டேஜ்?” என்ற கேள்வியைக் கடலூர்க்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்போம். நியாயமான கேள்விதான். நெய்வேலி மின்சாரம் தென்னிந்தியாவின் பொதுக் கட்டமைப்பில் கலந்துவிடுகிறது என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது, கம்பியில் ஓடும் மின்னோட்டம் கூடக்கூட வழியிலேயே அழுத்தம் இறங்கும் என்பது. பண்ருட்டிப் பக்கத்துப் பம்புசெட்டுகளும் புதுச்சேரியின் குளிர்சாதனங்களும் ஒன்றாக இழுக்கும் நேரத்தில் இந்த இறக்கம் கூடுகிறது. மோட்டார்கள் தங்கள் காந்தப்புலத்தை உண்டாக்கவும் தனியாக ஒரு மின்னோட்டத்தை இழுக்கின்றன. அது வேலையாக மாறாவிட்டாலும் அழுத்தத்தை மேலும் இறக்கிவிடும். அழுத்தம் குறைந்தால் பம்புசெட் மோட்டார் அதே வேலைக்குக் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். கடைசியில் காயில் எரிந்துபோகும். அதைத் திரும்பச் சுற்றும் செலவு கரும்பு விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே துணை மின்நிலையத்திலேயே அழுத்தத்தைச் சரிசெய்தாக வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். 110 கிலோவோல்ட்டை 11 கிலோவோல்ட்டாக இறக்கும் மின்மாற்றியில், உயர் அழுத்தச் சுருளில் பத்துச் சுற்றுக்குத் தாழ் அழுத்தச் சுருளில் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். மாலையில் வரும் அழுத்தம் 104.5 கிலோவோல்ட்டாகக் குறைந்தால், வெளியே போவது 10.45. இப்போது உயர் அழுத்தப் பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து சுற்றுகளைக் குறைத்துவிட்டால் விகிதம் 9.5 ஆகிறது, வெளியே மறுபடி 11 கிலோவோல்ட். சுற்றைக் குறைத்தால் அழுத்தம் கூடுகிறது! இதற்காகவே அந்தச் சுருளில் ‘டேப்’ எனப்படும் கிளை முனைகளை வைக்கிறார்கள். நம் ஊரில் பரவலாகக் காணப்படும் அமைப்பில் ஒரு படி 1.25 விழுக்காடு, மொத்தம் 17 நிலைகள். உயர் அழுத்தப் பக்கத்தில் வைப்பதற்குக் காரணம், அங்கே மின்னோட்டம் குறைவு, மாற்றுவது எளிது.

எளிது என்றா சொன்னேன்? சிக்கலே இங்குதான். ஒரு டேப்பை விட்டு அடுத்ததற்குப் போனால், இடைவெளியில் ஊரே ஒரு கணம் இருளும். கூடவே, பிரியும் முனைகளுக்கு நடுவே கடுமையான மின்பொறி எழுந்து அவற்றை உருக்கிவிடும். சரி, விடுவதற்கு முன்பே அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால், இரண்டு டேப்புகளுக்கு நடுவே உள்ள சுற்றுகள் குறுக்கிணைப்பாகிவிடும் (ஷார்ட் சர்க்யூட்). அந்தச் சிறு வளையத்துக்குள் பெரும் மின்னோட்டம் சுழன்று சுருளையே எரித்துவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பெர்ன்ஹார்ட் யான்சென் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1927-ல் அவர் காப்புரிமை பெற்ற வழி, இரண்டு டேப்புகளையும் சேர்த்துப் பிடிக்கும் அந்தக் கணத்தில் நடுவே மின்தடைகளை நுழைப்பது. முதலில் ‘செலெக்டர்’ என்ற பகுதி, மின்னோட்டம் ஓடாத கையால் அடுத்த டேப்பைத் தொட்டுத் தயாராக நிற்கும். பிறகு ‘டைவர்ட்டர் சுவிட்ச்’ பாயும். பழைய டேப்பின் மின்னோட்டம் முதலில் ஒரு மின்தடை வழியே திரும்பும். அடுத்து இரண்டு மின்தடைகளும் இரண்டு டேப்புகளையும் பாலம்போல் இணைக்கும், ஆனால் சுழலும் மின்னோட்டத்தை அவையே அடக்கிவிடும். பின் பழைய பக்கம் விடுபட்டு, புதிய டேப் நேரடியாகப் பொறுப்பேற்கும். எல்லாம் சேர்த்து 40 முதல் 60 மில்லிநொடி. நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு மூன்று அலைகள் கடக்கும் நேரம். விளக்கு கண்சிமிட்டக்கூட வாய்ப்பில்லை.

அந்த மின்தடைகள் நீண்ட நேரம் தாங்கக் கூடியவை அல்ல. சுவிட்ச் பாதி வழியில் நின்றுவிட்டால் அவை எரிந்துவிடும். அதனால் மோட்டார் நேரடியாகச் சுவிட்சைத் தள்ளுவதில்லை. நிதானமாக ஒரு சுருள்வில்லை இழுத்து முறுக்கேற்றுகிறது. வில் முழுவதும் ஏறியதும் பூட்டு விடுபட, வில்லின் வேகத்திலேயே சுவிட்ச் மறுபக்கம் போய்ச் சேரும். நடுவில் மோட்டாருக்கு மின்சாரம் போனாலும் பாய்ச்சல் நிற்காது. கணினி வருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பு, ஒரு வில்லையும் இரண்டு மின்தடைகளையும் வைத்து யோசித்த இந்தத் தீர்வை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு அலுப்பதில்லை.

எண்ணெயில் மூழ்கிய பழைய வகைகளில் ஒவ்வொரு பாய்ச்சலிலும் சிறு பொறி எழுந்து எண்ணெய் கரியாகும். எனவே டைவர்ட்டர் சுவிட்சுக்குத் தனித் தொட்டி. அதன் எண்ணெயை அவ்வப்போது மாற்றுவதும், எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணியைக் குறித்துவைப்பதும் பராமரிப்பாளர்களின் வேலை. புதிய வகைகளில் பொறி வெற்றிடக் குப்பிக்குள்ளேயே அணைந்துவிடுவதால் எண்ணெய் கறுப்பதில்லை.

எப்போது மாற்றுவது என்பதைத் தானியங்கி ரிலே முடிவு செய்கிறது. அது அவசரப்படாது. அழுத்தம் எல்லையைத் தாண்டியதும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ காத்திருந்து, இறக்கம் நிலைத்தால் மட்டும் ஆணையிடும். இல்லாவிட்டால் ஒரு பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும் போதெல்லாம் டேப் மேலும் கீழும் அலைந்து தேய்ந்துவிடும்.

இதற்கு ஓர் ஆபத்தான மறுபக்கமும் உண்டு. டேப்பை மாற்றும் இந்தக் கருவி, அதாவது டேப் சேஞ்சர், மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. விகிதத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். பெருவழித்தடங்கள் சில அறுந்து கட்டமைப்பே தள்ளாடும்போதும் அது தன் ஊர் அழுத்தத்தை விடாமல் ஏற்றிக்கொண்டே போகும். ஊர் பழைய அளவுக்கே இழுக்கும். மேலே மீதமுள்ள கம்பிகளில் பாரம் இன்னும் கூடும். 1983 டிசம்பர் 27 அன்று சுவீடனின் பெரும்பகுதி இருளில் மூழ்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அழுத்தம் அளவுக்கு மீறிச் சரிந்தால் டேப் சேஞ்சரைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு இதற்காகத்தான்.

இத்தனை இருந்தும் எங்கள் வீட்டில் ஏன் ‘டக்’ சத்தம்? துணை மின்நிலையம் சரிசெய்வது 11 கிலோவோல்ட் பீடரின், அதாவது அங்கிருந்து ஊருக்குள் வரும் மின்வழித்தடத்தின், தொடக்கத்தை. அதற்குப் பின் தெருமுனை மின்மாற்றி. பல சிறிய மின்மாற்றிகளில் டேப்பே கிடையாது, இருப்பவற்றிலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் மாற்ற முடியும். அங்கிருந்து வீடு வரை வரும் தாழ் அழுத்தக் கம்பி நீளமாக இருந்தால் கடைசி வீடுகளில் அழுத்தம் விழத்தான் செய்யும். எங்கள் வீடு தெருவின் கடைசியில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு 190 வோல்ட், இரவு பன்னிரண்டுக்கு 232. மின்மாற்றிக்குப் பக்கத்து வீட்டில் அதே ஏழு மணிக்கு 221. ஒரு வாரம் இப்படி அளந்து எழுதி மனுவோடு இணைத்துக் கொடுத்திருக்கிறேன். நாங்கள் கேட்டிருப்பது தெருவின் நடுவில் இன்னொரு சிறிய மின்மாற்றி.