ஒட்டிப் பிறந்த இரட்டையர்: சொல்லும் ஸ்கானும்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டு மாமி பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். ஒருநாள் படியில் என்னை மறித்து, மடித்த பக்கத்தைக் காட்டினார். "தம்பி, இதில 'சயாமிய இரட்டையர்' எண்டு கிடக்கு. இதுகள் சயாமில பிறந்த பிள்ளையளோ? சியம் நிக்காய எண்டு சொல்லுறாங்களே, அதோட ஏதும் சம்பந்தமோ?"

சியம் நிக்காய என்பது இலங்கைப் பௌத்த பிக்குகளின் ஒரு பிரிவு. சயாம் என்ற நாட்டின் பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்த எவருக்கும் வரக்கூடிய கேள்விதான் அது.

சாங், எங் என்ற சகோதரர்கள் 1811இல் சயாமில் பிறந்தார்கள். தகப்பன் சீனர். மார்பெலும்பின் அடியில் ஒரு சிறிய சதைப்பாலம் இருவரையும் சேர்த்திருந்தது. 1829இல் அவர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், காசு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டினார்கள். அந்தக் காட்சிக்கு வைத்த விளம்பரப் பெயர்தான் 'சயாமிய இரட்டையர்'. சயாம் என்ற நாடே 1939இல் தாய்லாந்து என்று பெயர் மாறிவிட்டது. விளம்பரப் பெயர் மட்டும் நம் பத்திரிகைகளில் இன்னும் கிடக்கிறது. கொட்டகை வாசலில் கூவிய பெயரை ஒரு பச்சைக் குழந்தைக்குச் சூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்றைய மருத்துவ நூல்களும் அதைத் தவிர்க்கின்றன.

அந்தச் சகோதரர்கள் 1874இல், தங்கள் 62ஆவது வயதில், சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். பிலடெல்பியாவில் உடலைத் திறந்து பார்த்தபோதுதான், சதைப்பாலத்தின் ஊடாக இருவரின் கல்லீரலும் தொடுத்திருந்தது உறுதியானது. ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது அதற்கு 21 ஆண்டுகள் கழித்து, 1895இல். வாழ்நாள் முழுவதும் அவர்களைப் பரிசோதித்த வைத்தியர்களுக்குத் தோலுக்கு வெளியேதான் பார்வை இருந்தது. வெளியே ஒட்டியிருப்பது எங்கே என்று தெரியும், உள்ளே பொதுவாக இருப்பது எது என்று தெரியாது. இந்த இரண்டு கேள்விக்கும் தமிழில் இரண்டு சொல் வேண்டும் என்பதே என் கட்சி.

முதற் கேள்விக்குச் சனங்களிடமே சொல் இருக்கிறது: ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். இதில் குறை காண்பவர்கள் உண்டு. ஒட்டு மாங்கன்று என்றால் வேறு வேறாக வளர்ந்த இரண்டு செடிகளை வெட்டிக் கட்டுவது. கருப்பையில் நடப்பது அதுவல்லவே என்பார்கள். பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம், ஒரே கருமுட்டை சுமார் 13ஆம் நாளுக்குப் பிறகு இரண்டாகப் பிரியத் தொடங்கி, முழுதாகப் பிரியாமல் நின்றுவிடுகிறது என்பது. முதலில் பிரிந்து, பிறகு மீண்டும் சேர்ந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். 'பிரியா இரட்டையர்' என்று புதுச்சொல் செய்தால் முதற் கட்சியில் சேர்ந்துவிடுவோம், ஒட்டு மாங்கன்றை நினைத்தால் இரண்டாவதில்.

ஆனால் 'ஒட்டி' என்பதற்குப் பசை மட்டுமா பொருள்? கடலை ஒட்டி ரயில் ஓடுகிறது என்கிறோம். கொள்ளுப்பிட்டியிலிருந்து தெகிவளை வரை யாரும் அதைக் கடலோடு கொண்டுபோய் ஒட்டவில்லை. விலகாமல் அருகே கிடப்பதும் ஒட்டுதான். ஆகவே இந்தச் சொல் எந்தக் கட்சியையும் எடுக்கவில்லை. 'பிறந்த' என்பதையும் விடக்கூடாது. இரட்டையர் என்றாலே ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றில்லை. இரட்டைப்புலவர் அப்படிப் பிறந்தவர்கள் அல்லர்.  

ஒட்டிப் பிறந்தவர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் வகைப் பெயர்களில் வரும் 'பேகஸ்' கிரேக்கத்தில் இறுகப் பொருத்தியதைக் குறிப்பது. ஒட்டிய இடத்தின் பெயரை அதன் முன்னே வைப்பார்கள். தொராக்கோபேகஸை நெஞ்சொட்டு இரட்டையர் என்றும், ஒம்பலோபேகஸை வயிற்றொட்டு என்றும், கிரேனியோபேகஸைத் தலையொட்டு என்றும் தயங்காமல் சொல்லலாம். நெஞ்சும் வயிறும் ஒட்டியவர்களே அதிகம், தலையொட்டு மிக அரிது. மொத்தமாகவே 50,000 முதல் 200,000 பிறப்புகளுக்கு ஒன்று என்றுதான் கணக்கிடுகிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. தாயின் வயிற்றில் 12ஆம் வாரமளவிலேயே ஸ்கானில் சந்தேகம் எழலாம். இரு கருவுக்கும் நடுவில் சவ்வு தெரியாது; எத்தனை தரம் பார்த்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. பிறந்த பிறகு சீ.டி. ஸ்கானில் செய்வதை மாமிக்கு எங்கள் தொடர்மாடியின் தண்ணீர்க் குழாயை வைத்துத்தான் விளக்கினேன். என் வீட்டுக் குழாயில் நீலம் கரைத்து விட்டு, உங்கள் வீட்டுக் குழாயில் நீலம் வருகிறதா என்று பார்ப்பது போல. ஒரு பிள்ளையின் நாளத்தில் மட்டும் சாயமருந்தை ஏற்றுவார்கள். மற்றப் பிள்ளையின் உடலிலும் அது தெரிந்தால் இரத்த ஓட்டம் பொது. காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிர் இல்லை, ஆனால் நெடுநேரம் அசையாமல் கிடக்க வேண்டும். அதனால் மயக்க மருந்து. ஒருவருக்குக் கொடுத்த மருந்து மற்றவருக்கும் போகக்கூடும் என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு மயக்கமருந்துக் குழு நிற்கும்.

நெஞ்சொட்டில் முக்கியம் இதயம். இதயத்தைச் சுற்றி மூடியிருக்கும் இதயப்பை மட்டும் பொதுவென்றால் பிரிக்க வழியுண்டு. இதய அறைகளே பொதுவென்றால் இருவரையும் காப்பாற்றிப் பிரிப்பது ஏறத்தாழ முடியாத காரியம்.

ஒரு சொல்லை மட்டும் மாற்றியே ஆகவேண்டும். வளர்ச்சி நின்றுபோன ஓர் உடற்பகுதி மற்றப் பிள்ளையில் தங்கியிருப்பதை 'ஒட்டுண்ணி இரட்டை' என்று மொழிபெயர்க்கிறார்கள். பேனையும் உண்ணியையும் சொல்லும் சொல்லைப் பெற்றவளின் முகத்துக்கு நேரே சொல்வதா? 'வளராத இரட்டை' போதும்.

அன்று மாமிக்காக ஒரு துண்டுக் காகிதத்தில் மாதிரி அறிக்கை எழுதிக் காட்டினேன்: "நெஞ்சொட்டு இரட்டையர். இதயப்பை பொது. இதயம் இரண்டும் தனி. ஈரல் பொது." மாமி கண்ணாடியைச் சரிசெய்து இருமுறை வாசித்தார்.

"அப்ப இதயம் ரெண்டும் வேற வேறதானே, தம்பி? பிறகென்ன, பிரிச்சுப் போடலாம்."

"ஈரலையும் பாக்கவேணும் மாமி" என்றேன்.